இறக்கத்தில் மோட்டாரே பிரேக்

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969-இல் 'எலெக்-ட்ராக்' என்ற மின்சாரத் தோட்ட டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 36 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடும் கனமான வண்டி. சரிவான புல்வெளியில் இப்படிப்பட்ட வண்டி இறங்கும்போது, அதன் எடையை யார் பிடித்து நிறுத்துவது?

மோட்டாரே பிடிக்கும். சுழலும் மோட்டார் தனக்குள் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. சமதரையில் அது பேட்டரியின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் மின்சாரம் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் பாயும். இறக்கத்தில் வண்டியின் எடை சக்கரத்தைத் தள்ள, மோட்டார் வேகமெடுத்து அந்த அழுத்தம் பேட்டரியை மிஞ்சிவிடும். மின்சாரம் திரும்பிப் பாயும். அம்மீட்டர் இருந்தால் முள் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் சாய்வதைப் பார்க்கலாம். மோட்டார் இப்போது ஜெனரேட்டர். அதைச் சுற்றுவது கடினமாகிறது, வண்டி அடங்கி இறங்குகிறது. காந்தச் சுருளும் சுழலும் சுருளும் பக்க இணைப்பில் உள்ள ஷண்ட் மோட்டாரில் இது தானாகவே நடக்கும். இரண்டும் தொடர் இணைப்பில் உள்ள சீரீஸ் மோட்டாரில் அப்படித் தானாக நடக்காது.

இதனால் பேட்டரி நிரம்பிவிடும் என்று எண்ண வேண்டாம். ஆளும் வண்டியுமாக 500 கிலோ, 10 மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கக்கூடியது மொத்தமே 14 வாட்-மணி. புல்லின் தடையும் கியரும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 36 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி கொள்வதோ 7,200 வாட்-மணி. ஆக, லாபம் மின்சாரத்தில் இல்லை. வேகம் கட்டுக்குள் இருப்பதிலும் பிரேக் கட்டை தேயாமல் இருப்பதிலும்தான்.

மேட்டின் உச்சியில் வீடு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, காலையில் முதல் வேலையாகச் சரிவில் இறங்குவார்கள். நிரம்பிய பேட்டரிக்கு வரும் மின்சாரத்தை வாங்க இடமில்லை. லித்தியம் பேட்டரியானால் அதன் காப்புச் சுற்று சார்ஜைத் துண்டித்துவிடலாம்; அந்த நொடியே மோட்டாரின் பிடியும் போய்விடும். ஈரப் புல்லில் வேறு ஆபத்து: மோட்டார் பிடிப்பது அதோடு இணைந்த சக்கரங்களை மட்டுமே, அவை வழுக்கினால் பிடித்தும் பயனில்லை. வேகம் குறையக் குறைய இந்தப் பிடியும் தளரும் என்பதால், சரிவில் வண்டியை அசையாமல் நிறுத்தவும் இதை நம்ப முடியாது.

சரிவில் இறங்குமுன் கால் பிரேக்கையும் பார்க்கிங் பிரேக்கையும் சமதரையில் ஒருமுறை மிதித்து, இழுத்துப் பாருங்கள்.