எழுபதுகளின் இசைத்தட்டுகள்: தேர்வும் அளவுகோலும்

சங்கச் செய்யுள்களைத் தொகுத்த சான்றோர் எவற்றைக் கொண்டனர் என்பது நமக்குத் தெரியும். எவற்றைத் தள்ளினர் என்பது தெரியாது. தொகுப்போர் கையில் அகப்படாது போனவற்றை மதிப்பிடுவது எளிதன்று. இந்த இடர்ப்பாடு பழைய ஏடுகளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு பத்தாண்டில் வெளிவந்த மெல்லிசைத் தட்டுகளுள் தலைசிறந்தவை எவை என்னும் வினா இப்போது பல நாடுகளிலும் எழுப்பப்படுகிறது. விடையாகப் பட்டியல்களும் வந்தவண்ணம் இருக்கின்றன. பத்துப் பெயர், நூறு பெயர், ஐந்நூறு பெயர் என அவை நீளும். இவ்வினாவை மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே வீடுகள் நெருங்கி நிற்கும் காத்தான்குடியில் வைத்து, 1970 முதல் 1979 வரையான பத்தாண்டு பற்றிக் கேட்டுப் பார்த்தால், பட்டியலைக் காட்டிலும் அளவுகோலே பெரிய சிக்கல் என்பது புலனாகும்.

முதலில் 'ஆல்பம்' என்னும் சொல்லை நோக்குவோம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். அதனினும் நெடிய இசையை வெளியிட விரும்பினோர் பல தட்டுகளைத் தடித்த தாள் உறைகளில் இட்டு, புகைப்பட ஏட்டைப் போலக் கட்டி விற்றனர். அந்த ஏட்டின் பெயரே ஆல்பம். 1948ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்வதும் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒலிப்பதுமான நீண்ட தட்டை வெளியிட்டது. ஏடு மறைந்தது, பெயர் நின்றது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் 45 சுழற்சிச் சிறு தட்டைக் கொணர்ந்தனர். பாட்டுகளை ஒரு வரிசையில் அமைத்து, முதற் பாட்டு முதல் ஈற்றுப் பாட்டு வரை ஒரே படைப்பாகக் கேட்கச் செய்யலாம் என்னும் எண்ணம் நீண்ட தட்டினால் பிறந்தது. 1967இல் பீற்றில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜன்ற் பெப்பர்' தட்டு அவ்வெண்ணத்தை உலகறியச் செய்தது. அதன் பின்னரே ஆல்பங்களுக்குப் பட்டியல் இடுவது பொருளுடைய செயலாயிற்று.

தமிழருடைய நிலை வேறு. நம் மெல்லிசையின் பெரும்பகுதி திரைப்படத்தில் பிறந்தது. ஒரு படத்தின் பாட்டுகளை ஒன்றாகப் பிணைத்தது கதையே அன்றித் தட்டு அன்று. எழுபதுகளில் பெரும்பாலான படங்களின் பாட்டுகள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டுக் கொண்ட சிறு தட்டாகவே வெளிவந்தன. நீண்ட தட்டாகப் பெருவழக்குப் பெற்றவற்றுள் கதைவசனத் தட்டுகளும் அடங்கும். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் வசனத்தைத் தட்டிலே கேட்டு மனப்பாடம் செய்த சிறுவர் எத்தனையோ பேர். வசனத் தட்டை இசைத்தட்டோடு சேர்த்து எண்ணலாமா என்று மேலைநாட்டு அளவுகோலைக் கேட்டால் அது விடை கூறாது.

அடுத்த அளவுகோல் விற்பனை. எத்தனை தட்டு விற்றது என்று எண்ணி முதலிடம் கொடுப்பது வணிகருக்கு இயல்பு. காத்தான்குடி மக்கள் பெரும்பாலும் வணிகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். எண்ணிக்கையின் அருமை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. ஆனால் இசைத்தட்டு விடயத்தில் எண்ணிக்கை அங்கே பொய் சொல்லும். கிராமபோன் பெட்டி ஒருசில வீடுகளில் மட்டுமே இருந்தது. தட்டுகளை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தோர் கல்யாணத்துக்கும் விழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர். அவர்கள் வாங்கிய தட்டு ஒன்று; அதைக் கேட்ட செவிகளோ பல்லாயிரம். போதாமைக்கு, 1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. துணியும் மாவுமே அளந்து வந்த காலத்தில் இந்தியத் தட்டுகள் மட்டும் தாராளமாய் வந்திருக்க முடியுமா? விற்றது குறைவு என்பதால் விரும்பியது குறைவு என்று முடிவு கட்டுவது, பஞ்ச காலத்தில் மக்களுக்குப் பசி இல்லை என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே அக்காலத்துச் செவியை அறிய வானொலியையே நாட வேண்டும். 1967 ஜனவரி 5ஆம் நாள் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்புக் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்டதும், எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீட் ஆகியோரின் குரல்கள் இருகரையிலும் வீட்டுக் குரல்களாய் ஆனதும் யாவரும் அறிந்தன. பாட்டுகளை வரிசைப்படுத்தும் வழக்கமும் இவ்வானொலிக்குப் புதியதன்று. 1952 முதல் அமீன் சயானி நடத்திய ஹிந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சி இலங்கை வானொலியிலிருந்தே ஒலித்தது. தட்டு விற்பனைக் கணக்கும் நேயர் மன்றங்களின் வாக்கும் அதற்கு அடிப்படை. ஆயினும் வானொலி வரிசைப்படுத்தியது பாட்டையே, தட்டை அன்று. ஒரு படத்தின் நான்கு பாட்டில் ஒன்று காலையில் ஒலிக்கும். மற்றொன்று மூன்று நாள் கழித்து மாலையில் ஒலிக்கும். தட்டைப் பிரித்துப் பாட்டுகளை உதிர்த்துத் தருவதே வானொலியின் தொழில்.

இத்தனை தடைகளையும் மனத்திற்கொண்டு, எழுபதுகளின் தட்டுகளுள் விலக்க முடியாதவை எவை என்று பார்ப்போம்.

1976 மே மாதம் வெளிவந்த 'அன்னக்கிளி'யை எவரும் விலக்கார். இளையராஜாவின் முதற் படம் அது. அதற்கு முந்திய ஆண்டுகளில் 'ஆராதனா', 'பாபி' முதலிய ஹிந்திப் படப் பாட்டுகள் தமிழ் ஊர்களின் தேநீர்க் கடைகளை ஆண்டன. அவ்வாட்சியை 'அன்னக்கிளி' ஒரே நாளில் ஒழித்தது என்று சொல்வது வழக்கம். அது மிகைக் கூற்று. ஹிந்திப் பாட்டு அதன் பின்னரும் நெடுங்காலம் கேட்கப்பட்டது. உண்மையில் நிகழ்ந்தது யாதெனின், நாற்று நடுவோரும் கதிர் அறுப்போரும் பாடும் மெட்டு, மேலைநாட்டு வயலின் கூட்டத்தின் துணையோடு, நாணமின்றி நடுக்கூடத்துக்கு வந்தது. வாவிக்கு மேற்கே வயல் வைத்திருந்த காத்தான்குடியாருக்கும் அயலூராருக்கும் அந்த மெட்டு அயல் அன்று. களத்திலே பொலி பாடுவோரும், முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரே சாயலில் சொல்லிவந்த மட்டக்களப்புக் கவியும் அவர்கள் செவியில் முன்பே இருந்தன. நகரத்தார்க்கு அது புதுமை. இவர்களுக்கு அது உறவு.

மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதனின் இரண்டு தட்டுகள் இப்பத்தாண்டில் தவறாது இடம்பெற வேண்டும். ஒன்று 1975இன் 'அபூர்வ ராகங்கள்'. வாணி ஜெயராமுக்கு இந்திய தேசிய விருதைப் பெற்றுத்தந்தது அது. பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி இராகத்தைக் கருநாடக இசை அறியாத பாமரரின் நாவிலும் கொண்டுபோய் வைத்தது. மற்றொன்று 1979இன் 'நினைத்தாலே இனிக்கும்'. கதையே ஓர் இசைக்குழுவைப் பற்றியது ஆதலின், பாட்டுகள் கதையைத் தாங்கி நில்லாமல் கதை பாட்டுகளைத் தாங்கி நின்றது. மேலைநாட்டார் ஆல்பம் என்று கருதும் பொருளுக்குத் தமிழ்த் திரைத்தட்டுகளுள் மிக அண்மையில் நிற்பது அதுவே எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தட்டைத் தள்ளவும் வேண்டியுளது. 1978இல் வந்த 'ப்ரியா', ஸ்டீரியோ முறையில் ஒலிப்பதிவான முதல் தமிழ்த் திரைப்பாட்டுகள் என்று பெயர்பெற்றது. பிற பட்டியல்களில் இதற்கு உயர்ந்த இருக்கை கிடைக்கிறது, பாட்டுகளும் இனியவை. ஆனால் இடப்புறம் ஒரு கருவியும் வலப்புறம் மற்றொரு கருவியும் ஒலிப்பதை ஒரே ஒலிபெருக்கி கொண்ட மத்திய அலை வானொலிப் பெட்டியில் எங்ஙனம் அறிவது? வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் இரட்டை ஒலிபெருக்கி பொருத்திய கசற் பெட்டிகளைத் தோளில் சுமந்து வந்த பின்னரே அந்த வேறுபாடு ஊராருக்கு விளங்கியது. ஆகவே காத்தான்குடிக் கணக்கில் 'ப்ரியா' எண்பதுகளின் தட்டு.

இனி நம் நாட்டுப் பொப்பிசை. இந்தியத் தட்டு வரவு குறைந்த அந்த ஆண்டுகளே ஈழத்துப் பொப்பிசையின் பொற்காலம்; இறக்குமதிக் கட்டுப்பாட்டில் விளைந்த நன்மைகளுள் இதையும் ஒன்றாகக் கூறத் துணியலாம். நித்தி கனகரத்தினம் தாமே எழுதிப் பாடிய 'சின்ன மாமியே', கள்ளுக்கடைக்குப் போகாதே என எச்சரிக்கும் பாட்டு ஆகியவை பள்ளிச் சிறார் முதல் முதியோர் வரை பரவின. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' சிங்களப் பைலாவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டிலும் அது பரவி, 1977இல் திரைப்படத்திலும் ஒலித்தது. பொப்பிசைச் சக்கரவர்த்தி எனப்பட்ட அவர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இப்பாட்டுகளை மேலைநாட்டுப் போலி என்று அக்காலத்துப் பெரியோர் சிலர் முகஞ்சுளித்தனர். சுளித்தவர்கள் சற்றே காத்தான்குடியிலிருந்து வடக்கே மட்டக்களப்பு நகர் வரை நடந்திருப்பின், அத்தாளத்தின் வேர் அங்கேயே இருப்பதைக் கண்டிருப்பர். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் அந்நகரில் இன்றும் தம் மொழியையும், வயலினும் றபானும் முழங்க ஆடும் கபிரிஞ்ஞாவையும் மறவாது வைத்திருக்கின்றனர். பைலா அதன் வழித்தோன்றல். பொப்பிசை அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது பாதி. வாவிக்கரையில் கிடந்தது மற்றப் பாதி.

ஐந்தாவதாக இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபாவின் தட்டுகள். அவரை ஒரு பத்தாண்டுக்குள் அடக்குவது வழுவே. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவரது குரல் பல பத்தாண்டுகளின் மேல் நின்றது. எனினும், காத்தான்குடியில் எழுபதுகளைப் பற்றிப் பேசிவிட்டு ஹனிபாவைப் பேசாதிருப்பது, உப்பில்லாமல் புக்கை சமைப்பதாகும். நோன்பு காலத்திலும் கல்யாண வீட்டிலும் முதலில் சுழன்ற தட்டு அவருடையது. இசைக்கருவி மார்க்கத்துக்கு ஏற்குமா, ஏற்காதா என்னும் விவாதம் அவ்வூரில் அன்றும் இருந்தது; பின்னர் வலுத்தது. கருவியொலி கூடாது என்று கருதுவோர் தம் பட்டியலில் இவற்றுள் எதனையும் ஏற்கார் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். அது கல்வியின்மையால் எழுந்த கருத்தன்று. நூல் கற்றவர்களின் நிலைப்பாடு. ஆயினும் 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாட்டை முஸ்லிம் அல்லாதாரும் தம் பாட்டாகவே கொண்டனர். காத்தான்குடியை ஒட்டித் தெற்கே இருப்பது ஆரையம்பதி. அங்கே கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி இங்கே கேட்கும். இங்கே ஒலித்த ஹனிபா அங்கே கேட்கும். காற்றுக்கு எல்லைக் கல் இல்லை.

அந்தக் கேட்பு பின்னர் அறுந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளோடு பெட்டிகளையும் தட்டுகளையும் கொண்டுபோயிற்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அயலூரார் ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போவதே அரிதாகிய காலம் வந்தது; ஒரே தட்டை இரு ஊரும் கேட்ட நினைவைச் சொல்ல எவருக்கும் வாய் எழவில்லை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கடற்கரை வீடுகளில் எஞ்சியிருந்ததை வாரியது. எனவே இன்று எவரேனும் அங்கே கிடைக்கும் தட்டுகளை எண்ணிப் பட்டியல் இடின், அது எழுபதுகளின் சுவையைக் காட்டாது. புயலும் போரும் கடலும் விட்டுவைத்ததையே காட்டும்.

இதனினும் நம்பத்தக்க சான்று ஒன்று உண்டு. எழுபதுகளின் ஈற்றிலும் எண்பதுகளிலும், பொருளாதாரம் திறந்துவிடப்பட்டுக் கசற் பெட்டிகள் பெருகியபோது, தட்டுகளை வைத்திருந்த கடைக்காரர் வெற்று நாடாவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கினர். வாடிக்கையாளர் ஒரு தாளில் தமக்கு வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நான்கு நிமிடப் பாட்டானால் ஏழு. இரு பக்கமுமாகப் பதினான்கு. பதினைந்தாவது பாட்டுக்கு இடமில்லை. ஆகவே தாளில் எழுதுவதும் அடிப்பதும் மீண்டும் எழுதுவதுமாக ஒருவர் அரை நாளைக் கழிப்பார். ஒரு பக்கம் ஹனிபா, மறுபக்கம் திரைப்பாட்டு என்று பிரித்துக்கொள்வோரும் உளர். உம்மாவுக்கு ஒரு பக்கம், தமக்கு ஒரு பக்கம் என்று பதிவித்து வந்தோரும் உளர். வானொலி உதிர்த்த பாட்டுகளை மக்கள் தாமே கோத்துக்கொண்ட மாலைகள் அவை. தமிழில் ஆல்பம் என்று ஒன்று உண்டாயின் இதனையே அப்பெயரால் அழைத்தல் தகும்; ஆக்கியவர் இசையமைப்பாளர் அல்லர், கேட்டவர். உறையின் உட்புறத்தில் நீல மையால் எழுதிய வரிசை பலவற்றில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

அத்தகைய நாடாவை இன்று அலுமாரியில் கண்டெடுப்போர் உடனே பெட்டியில் இட்டு ஒலிக்கவிடல் ஆகாது. வாவிக்கரையின் ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். விசையாகச் சுழற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள ஒட்டுகள் முதலில் விடும். பல்லுச் சக்கரத்தில் பென்சிலை நுழைத்துக் கையினால் மெதுவாக ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் சுற்றி, பூஞ்சணத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, முதன்முறை ஒலிக்கும்போதே கணினியில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். இரண்டாம் முறை ஒலிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. உறையில் உள்ள எழுத்தையும் அப்போதே படம் பிடித்து நாடாவோடு சேர்த்து வைத்தல் நலம்.