உங்கள் பட்டி எந்தக் கிராமத்துக்குள் இருக்கிறது?

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே வந்து போகிற டவுன் பஸ்களின் பலகைகளைப் பார்த்தால், சுற்று வட்டாரத்தில் எத்தனை பட்டிகள் என்று வியப்பாக இருக்கும். அதில் ஒரு பட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள், போக்குவரத்துக்கு என்ன வழி? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் தேடினால், பெரும்பாலும் அந்தப் பெயரே கிடைக்காது.

"எங்க ஊரை விட்டுட்டாங்க" என்பார்கள். யாரும் விடவில்லை. கணக்கெடுப்பு நம் ஊர்களை எண்ணுவதில்லை. வருவாய் கிராமங்களை எண்ணுகிறது. நிலவரி வசூலுக்காக அளந்து கோடு போட்ட எல்லை அது. முன்பு கர்ணமும் மணியக்காரரும் பார்த்தார்கள், இப்போது வி.ஏ.ஓ. பார்க்கிறார். ரேஷன் கார்டு ஒருவர் பெயரில் இருக்க, வீட்டில் ஆறு பேர் சாப்பிடுவதில்லையா? அப்படித்தான். ஏதோ ஓர் ஊரின் பெயரில் வருவாய் கிராமம். அதற்குள் நாலைந்து பட்டிகள், ஒரு காலனி, தோட்டத்து வீடுகள். நாலாயிரம் பேர் என்று போட்டிருந்தால் அத்தனை பேரும் சேர்ந்து நாலாயிரம். மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமுமாக விரிந்த இந்தச் சமவெளியில் வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி நிற்பதில்லை என்பதால், இந்தக் குழப்பம் இங்கே கொஞ்சம் அதிகம்.

எண்ணிக்கையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நூற்பாலை விடுதியில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பெண்கள் அந்த ஆலை இருக்கும் கிராமத்தின் கணக்கில் சேர்வார்கள். ஊர் வளர்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். வளர்ந்தது விடுதியாக இருக்கும்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். அதே கணக்கெடுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் பஸ் உண்டா, ரயில் நிலையம் உண்டா என்றும் குறிக்கிறது. இல்லையென்றால், கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் மேலா என்று ஓர் எழுத்து. வேடசந்தூரிலேயே ரயில் நிலையம் கிடையாது; திண்டுக்கல்–கரூர் பாதையில் உள்ள எரியோட்டுக்குப் போக வேண்டும். ஆனால் எல்லைக்குள் எங்கோ ஓரிடத்தில் பஸ் நின்றாலே அந்தக் கிராமத்துக்கு 'பஸ் உண்டு'. கடைக்கோடிப் பட்டிக்காரர் அந்த நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடப்பது அட்டவணையில் தெரியாது.

சாலை போடுகிறவர்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். 2000-த்தில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வருவாய் கிராமத்தைப் பார்ப்பதில்லை. குடியிருப்பைப் பார்க்கிறது, அதாவது நம் பட்டியை. சமவெளியில் 500 பேராவது இருக்க வேண்டும். 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்தும் எண்ணலாம். எந்தப் பருவத்திலும் வண்டி போகிற சாலை அதே 500 மீட்டருக்குள் ஏற்கெனவே இருந்தால், 'இணைப்பு உண்டு' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆக, பட்டியின் தலைக்கணக்குதான் அதன் தார்ச்சாலையைத் தீர்மானிக்கிறது; அந்தக் கணக்கோ கிராமப் பட்டியலில் தனியாக இல்லை!

சாலை வந்துவிட்டால் பஸ் தானாக வந்துவிடாது. அந்த இடைவெளிக்காகத்தான் 1997-இல் மினி பஸ் வந்தது: 20 கிலோமீட்டர் வழித்தடத்தில் 16 கிலோமீட்டர் பஸ் ஓடாத பகுதியாக இருக்க வேண்டும். ஓட்டியவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, பலர் விட்டுவிட்டார்கள். 2025-இல் தொடங்கிய புதிய திட்டம் வழித்தடத்தை 25 கிலோமீட்டர் வரை நீட்டி, அதில் 65 சதவீதம் பஸ் இல்லாத பகுதியாக இருந்தால் போதும் என்றது.

இந்தக் கணக்கு எதிலும் சேராத ஒரு வண்டியும் உண்டு: ஷிஃப்ட் நேரத்துக்குப் பட்டி பட்டியாக வந்து பெண்களை ஏற்றிப்போகும் மில் வேன். பஸ் நுழையாத தெருவிலும் அது நுழையும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பாட்டிக்கு அதில் இடமில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கிறது. அதுவரை 2011-இன் எண்தான். 2024-இல் அறிவித்த பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கும் அதுவே அளவுகோல். அன்று 480 பேர் இருந்த பட்டியில் இன்று 600 பேர் இருந்தாலும், காகிதத்தில் அது 480-தான்.