பம்பி களைத்தால் வண்டி களைக்கும்
டீசல் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களின் கவனத்திற்கு

புலம்பெயர்ந்த மண்ணில் எம்மவர் பலரின் வருவாய் நான்கு சில்லுகளின் மேல் ஓடுகின்றது. அதிகாலையில் மரக்கறி வாங்கச் செல்லும் கடைக்காரரும், வீடு மாறுவோரின் பொருள்களை ஏற்றி இறக்குவோரும் பழைய டீசல் வண்டியொன்றையே நம்பியிருக்கின்றனர். அவ்வண்டி மலையேற மறுக்கும் நாளில் வீட்டு அடுப்பும் தயங்குகின்றது. கராஜில் கூறப்படும் தொகையைக் கேட்டதும் "நானே மாற்றிவிடுவேன்" என்று துணிவோர் எம்மிடையே உளர். அத்துணிவு வீண்பெருமையன்று, தாயகம் கற்பித்த பாடம்.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடுக்கப்பட்டது. பெற்றோல் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. லொறிகளும் அதனையே குடித்தன. டீசல் வெறும் எரிபொருளன்று. பம்பியின் உள்ளுறுப்புகளுக்கு மசகெண்ணெயும் அதுவே. மண்ணெண்ணெயில் அவ்வழுவழுப்புக் குறைவு. ஆதலால் பம்பிகள் விரைவாகத் தேய்ந்தன. புதிய உதிரிப்பாகம் கிடைப்பது அரிதான நிலையில், கழற்றிக் கழுவி மீண்டும் பூட்டுவதே வழியாயிற்று. வன்னியில் இத்தடை 2002 ஆம் ஆண்டு வரை நீடித்தது.

பம்பிகள் இரண்டு

டீசல் வண்டியில் பொதுவாக இரண்டு பம்பிகள் உண்டு. ஒன்று, தாங்கியிலிருந்து எரிபொருளை இழுத்து வடிகட்டி வழியே அனுப்பும் சிறிய பம்பி. மற்றையது, எரிபொருளை மிகுந்த அழுத்தத்துடன் இயந்திரத்துக்குள் செலுத்தும் பெரிய பம்பி. முன்னையதை வெளியே பொருத்தியிருப்பின், கைப்பழக்கமுள்ள ஒருவர் தாமே மாற்றலாம். பின்னையதில் கைவைத்தல் ஆகாது.

காலையில் வண்டி நெடுநேரம் முனகிய பின்னரே உயிர்பெறுதல், மேட்டில் இழுவை குறைதல், ஓடும்போதே அடங்கிவிடுதல் ஆகியன பம்பி களைத்ததன் அறிகுறிகள். எனினும் அடைபட்ட வடிகட்டியும், வெடித்த றப்பர்க் குழாயும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். ஆகவே மலிவானதை முதலிற் பாருங்கள். வடிகட்டியை மாற்றுங்கள், குழாயிணைப்புகளில் ஈரமோ காற்றுக் குமிழியோ உண்டா எனக் கவனியுங்கள். அதன் பின்னரே பம்பியைக் குற்றவாளியாக்குங்கள்.

சிறிய பம்பியை மாற்றுவதாயின், இயந்திரம் நன்கு ஆறியிருக்க வேண்டும். பற்றறியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். எந்தக் குழாய் எங்கே சென்றது என்று அடையாளமிடுங்கள். சிந்தும் டீசலுக்குக் கீழே பாத்திரம் வையுங்கள். சுற்றுப்புறத்தைத் துடைத்த பின்பே பூட்டைத் தளர்த்துங்கள். ஒரு மணற்துகளே புதுப் பம்பியைக் கெடுத்துவிடும். பழைய வளையங்களை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். பூட்டியபின் கைப்பம்பியினாலோ, திறப்பைப் பலமுறை திருப்பி மின்பம்பியை இயக்கியோ காற்றை வெளியேற்றிய பின்னரே இயந்திரத்தை முடுக்குங்கள்.

பழைய பழக்கம், புதிய ஆபத்து

ஊரில் காற்றை வெளியேற்ற, இயந்திரம் சுழலும்போதே உட்செலுத்து குழாயின் பூட்டைத் தளர்த்துவது வழக்கம். இன்றைய வண்டியில் அவ்வாறு செய்தல் உயிருக்கே உலை வைக்கும். பொதுக்குழாய் முறை என்னும் இன்றைய ஏற்பாட்டில் எரிபொருள் 1,000 முதல் 2,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கின்றது. வீட்டுக் குழாய்நீரின் அழுத்தமோ சில பார் மட்டுமே. கண்ணுக்குப் புலப்படாத கீற்றாகப் பீறிடும் டீசல், கையுறையையும் தோலையும் துளைத்து உட்புகும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். தொடக்கத்தில் வலியும் குறைவு. ஆயினும் உள்ளே தசை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துள் அறுவைச் சிகிச்சை செய்யாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். எனவே கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். காயம் பட்டால் நாளைவரை பொறுத்திராது 144 ஐ அழையுங்கள். டீசல் உட்புகுந்தது என்பதைத் தவறாது கூறுங்கள்.

இம்முறையின் வரலாற்றில் சுவிசுக்கும் பங்குண்டு. றுடோல்ப் டீசல் 1879 இல் வின்ரர்த்தூரின் சுல்சர் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். பொதுக்குழாய் முறையின் முன்னோடி ஆய்வுகள் 1960 களில் றொபேட் ஹூபர் என்னும் சுவிஸ் பொறியியலாளரால் தொடங்கப்பட்டன. பின்னர் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்க்கோ கான்சர் அவற்றைத் தொடர்ந்தார். 1995 இல் யப்பானிய லொறியொன்றில் இம்முறை சந்தைக்கு வந்தது.

இடமும் சட்டமும்

மாடிவீட்டின் பொதுத் தரிப்பிடத்தில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். வீட்டு உரிமையாளரின் தடை ஒருபுறமிருக்க, நிலத்திலோ வடிகாலிலோ டீசலை ஊற்றுவது நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சிந்தியதை மரத்தூளால் ஒற்றியெடுத்து, கழிவுடன் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படையுங்கள். இடத்தை உங்கள் கெமைண்டே அலுவலகம் கூறும். மணித்தியாலக் கட்டணத்தில் இடமும் கருவிகளும் தரும் வாடகைக் கராஜ்கள் பல நகரங்களில் உள்ளன.

பெரிய பம்பி பழுதெனில், செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஒன்றுக்கு இரண்டு கராஜ்களில் விசாரியுங்கள். புதுப்பிக்கப்பட்ட பம்பி கிடைக்குமா, பழையதைக் கொடுத்தால் விலை குறையுமா என்றும் வினவுங்கள்.

இல்லாமையின் நடுவே எம்மவர் பெற்ற கைத்திறன் பெருஞ்செல்வம். அதனை எங்கே பயன்படுத்துவது, எங்கே நிறுத்துவது என்று அறிவதும் அத்திறனின் ஒரு பகுதியே. பம்பியை மீண்டும் வாங்கலாம். உழைக்கும் கையை வாங்க இயலாது.