புது இன்ஜினும் பள்ளி ஆசிரியையும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் சங்கத்தின் சுதந்திர தினக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்தோம். ஓர் இளம் தாயார் என் மனைவியிடம் வந்தார். "டீச்சர், ஆறாம் வகுப்புக்குச் சரித்திரம், பூகோளம், குடிமையியல்னு மூணு புத்தகம் இருக்குமே. பையனுக்கு ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. மத்த ரெண்டும் எங்க வாங்கலாம்?" என்று கேட்டார்.

"மூணும் சேர்ந்து ஒண்ணாயிடுச்சும்மா" என்றாள் என் மனைவி.

"அவன் டீச்சரே முதல்ல சரியாச் சொல்லலையே!"

"அவங்களைக் குறை சொல்லாதேம்மா. உன் பையன் கைக்குப் புத்தகம் வந்த அன்னிக்குத்தான் அவங்க கைக்கும் வந்திருக்கும்."

அந்தப் பதில் வீடு வரும் வரையில் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால் எழுந்ததுதான் இக்கட்டுரை.

நான் டிப்ளமா படித்துவிட்டு 1980இல் ரயில்வேயில் சேர்ந்து, மின்சார இன்ஜின் ஷெட்டுகளில் வேலை பார்த்து 2018இல் ஓய்வு பெற்றவன். கல்வியைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவி 1988 முதல் 2021 வரை இந்த நாக்பூரில் சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை. தேசியப் பாடத்திட்டத்தில் வந்த மாறுதல் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வழியாகத்தான் போயிற்று. என் தகுதி அவ்வளவே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் விட்டு ஊர் மாற்றலாகும் நம்மைப் போன்றோருக்குத் தேசியப் பாடத்திட்டம் பெரிய ஆறுதல். கோத்தாரி கமிஷன் 1966இல் அறிக்கை தந்தது. நாடு முழுவதற்கும் பத்து, இரண்டு, மூன்று என்று ஒரே படிக்கட்டு அமைந்தது அதன் பயன். 1961இல் தொடங்கிய என்.சி.இ.ஆர்.டி. அதற்கேற்பப் புத்தகங்களை வெளியிட்டது. நான் பாதி ஆண்டில் மாற்றலாகி வந்தபோதும் என் மகளின் கணக்குப் புத்தகம் மாறவில்லை. ஆகவே பாடத்திட்டமே கூடாது என்பதோ, அதை மாற்றவே கூடாது என்பதோ என் கட்சியன்று.

மாற்றம் வேண்டியும் இருந்தது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த நம் ஆர்.கே. நாராயண் தம் முதல் பேச்சிலேயே, குழந்தைகள் பொதி சுமப்பதைப் போலப் பள்ளிப் பையைச் சுமப்பதைப் பற்றித்தான் முறையிட்டார். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் அறிக்கை தந்தது. பையின் சுமையைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்றது அக்குழு. 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட வரைவு அந்த எண்ணத்தின் மேல் எழுந்தது. அதற்காக 21 வல்லுநர் குழுக்கள் வேலை செய்தன.

அந்தப் புத்தகங்கள் வந்தபோது என் மனைவிக்கு இருந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புச் சரித்திரத்தில் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு பாடம்! கடைசி பெஞ்சுப் பையன்கள் முதல் முறையாகச் சரித்திர வகுப்பில் கை தூக்கினார்கள் என்று இரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். (2019இல் அந்தப் பாடம் நீக்கப்பட்டுவிட்டது.) அவளும் மாலை நேரங்களில் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் அது பிடித்த உழைப்பு.

பிறகு 2009 வந்தது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, சி.சி.இ. என்று பெயர். ஒரே பொதுத் தேர்வில் குழந்தையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக் கூடாது, ஆண்டு முழுவதும் ஆசிரியர் கவனித்து மதிப்பிட வேண்டும் என்பது நோக்கம். இதைவிட நல்ல நோக்கம் இருக்க முடியாது. மதிப்பெண் போய் கிரேடு வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு கட்டாயமில்லை என்றானது.

நடைமுறை எப்படி இருந்தது? என் மனைவிக்கு நான்கு பிரிவுகள். பிரிவுக்கு நாற்பத்தைந்து பேர் வீதம் நூற்றெண்பது குழந்தைகள். ஆண்டுக்கு நான்கு சிறு மதிப்பீடுகள், இரண்டு பெரிய தேர்வுகள். சிறு மதிப்பீடு ஒவ்வொன்றிலும் செயல்திட்டம், வினாடி வினா, குழு விவாதம் என்று பல இனங்கள். வகுப்பாசிரியை என்ற முறையில் தன் நாற்பத்தைந்து பேருக்கும் வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, கலை, உடற்பயிற்சி என்று தனித்தனியே கிரேடு போட்டு, வாக்கியமும் எழுத வேண்டும். வகுப்பில் இருக்கும் குழந்தைகளோ, நேரமோ, ஆசிரியர் எண்ணிக்கையோ மாறவில்லை. பயிற்சி என்று நடந்தது ஒன்றரை நாள். அதிலும் பாதி, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதுதான்.

ஷெட்டில் இன்ஜின் பராமரிப்புக்கு அட்டவணை போட்ட கை என்பதால், நானும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பிய இரவுகளும் உண்டு. ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, "வகுப்பில் உற்சாகமாகப் பங்கேற்கிறாள்" என்ற வாக்கியத்தை வரிசையாகப் பன்னிரண்டு பெண்களுக்கு எழுதினோம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி மஞ்சள் காமாலையால் ஐந்து வாரம் பள்ளிக்கே வராதவள். பெற்றோர் கூட்டத்தில் அவள் தாயார் கோபப்படவில்லை. "டீச்சர், என் பெண் வராததை நீங்கள் கவனிக்கவில்லையா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டிருக்கிறார். என் மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை. "இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையைப் பார்க்காம அவளைப் பத்தி எழுதினது இதுதான் முதல் தடவை. குழந்தையைக் கவனின்னு சொல்லி வந்த திட்டம், அதுக்கே நேரமில்லாமப் பண்ணிடுச்சு" என்றாள். மறுநாள் ராஜினாமாக் கடிதமும் எழுதிவிட்டாள். நான்தான் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி வாங்கி வைத்தேன். அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

2017இல் அந்த முறையே கைவிடப்பட்டது. 2018 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மீண்டும் கட்டாயமானது. எட்டாண்டு உழைப்புக்குப் பின், "தவறு எங்கே நேர்ந்தது?" என்று என் மனைவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரயில்வேயில் நாங்கள் இப்படிச் செய்ய மாட்டோம். 1990களின் நடுவில் மூன்று ஃபேஸ் மின்சார இன்ஜின்கள் இந்தியாவுக்கு வந்தன. பழைய இன்ஜினின் டேப் சேஞ்சர் போய், எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. பழுது என்னவென்று திரையில் எழுத்தாகக் காட்டும். எங்கள் ஷெட்டுக்கு அவை வந்தபோது பல்லாண்டு அனுபவமுள்ள டிரைவரையும் கன்வர்ஷன் பயிற்சிக்கு அனுப்பித் தேறிய பிறகே வண்டியைக் கொடுத்தார்கள். என்னைப் போன்றவர்களும் மீண்டும் பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். இன்ஜின் பழகியதாகவே இருந்தாலும் புதிய பாதையென்றால் ரோடு லேர்னிங் உண்டு. இன்னொரு டிரைவருடன் பகலிலும் இரவிலும் போய் வந்து, சிக்னல், ஏற்றம், வளைவு எல்லாம் தெரியும் என்று கையெழுத்திட்ட பிறகுதான் தனியே ஓட்டலாம். அதற்கான நாட்கள் டூட்டியாகவே கணக்கிடப்படும். டிரைவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து கற்றுக்கொள்ளட்டும் என்று யாரும் சொன்னதில்லை.

இப்போது 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும், அதையொட்டி 2023இல் வந்த பாடத்திட்ட வரைவும் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று கொள்கையே சொல்கிறது. நல்லதுதான். ஆனால் 2024இல் மூன்றாம், ஆறாம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் வகுப்பு தொடங்கிய பின்னும் ஆறாம் வகுப்பின் சில புத்தகங்கள் மாதக்கணக்கில் தாமதமாயின. இடையில் ஓட்டுவதற்கு ஒரு மாத இணைப்புப் பாடம் கொடுத்தார்கள். புனேயில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் என் மகள் தொலைபேசியில், "அப்பா, புத்தகம் நிஜமாவே நல்லா இருக்கு. அதைப் படிச்சுப் பார்க்க எனக்கு ஒரு வாரம் முன்னாடி கிடைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். அவள் கேட்டது ரோடு லேர்னிங்தான்.

அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். புத்தகம் முந்திய ஆண்டே ஆசிரியர் கைக்கு வர வேண்டும். பயிற்சி நேரம் பள்ளி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு முறையைக் கைவிடுமுன் அதை நடத்திய ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். பெற்றோராகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தில் குழந்தையின் கிரேடைக் கேட்டபின், "இந்தப் புதுப் புத்தகம் உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று ஆசிரியரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மனைவியும், ஓய்வு பெற்ற இன்னும் இரண்டு ஆசிரியைகளும் புதிய புத்தகங்களில் ஒவ்வொரு பிரதி வாங்கிச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே இருப்பார்கள். புதிய பாடத்தை எப்படி எடுக்கலாம் என்று எந்த ஆசிரியரும் வந்து கலந்து பேசலாம். மூன்று புத்தகம் கேட்ட அந்தத் தாயார் முதல் ஞாயிறே வந்தார், மகனின் டீச்சரையும் கையோடு அழைத்துக்கொண்டு. அவர் மராத்திக்காரர். பேச்சு முழுவதும் இந்தியில்தான் நடந்தது. காபி மட்டும் நம்மூர் டிகாஷன் காபி.