செவியில் தங்கிய வெடியோசை: போர்ப்பணியும் கேட்டற் குறைபாடும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வீதியிற் செல்வோர் உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் மயானத்தைக் காண்பர். அதற்கு அண்மையிலுள்ள கடற்கரைக் கிராமமே சல்லி. மீன்பிடி அதன் வாழ்வு. முத்துமாரியம்மன் கோயில் அதன் அடையாளம். மயானத்துக் கற்களில் இறந்தோரின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் உயிரோடு திரும்பி, செவியில் ஓயாத இரைச்சலைச் சுமந்தவாறு எஞ்சிய காலத்தைக் கழித்தோரைப் பற்றி எந்தக் கல்லும் பேசுவதில்லை. இக்காயம் கணக்கில் வராமைக்குரிய காரணங்களை உடலியல், சமூகம் ஆகிய இரு நிலைகளிலும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகமும் பீரங்கியும்

திருகோணமலையின் வரலாறு ஒருவகையிற் பீரங்கியின் வரலாறு எனலாம். 1782 செப்ரெம்பர் 3இல் பிரெஞ்சுத் தளபதி சவ்றோனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் இக்கடலிற் பொருதினர். அதே ஆண்டு ஏப்ரலில் மேற்கிந்தியக் கடலிற் போரிட்ட ஆங்கிலத் தளபதி றொட்னி, தம் கப்பலின் பீரங்கிகள் மீண்டும் மீண்டும் முழங்கியதாற் பல நாள்கள் காது கேளாதிருந்தார் என்பர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அவற்றுக்கு விடையிறுத்தன. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்தனர். எனினும் 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர் இம்மாவட்டத்தை மீண்டும் வெடியோசைக்குள் ஆழ்த்தியது. 2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் நிகழ்ந்த சண்டைகளை இங்கு நினைவுகூரலாம்.

செவி சிதைவது எவ்வாறு?

ஒலியலை செவிப்பறையை அதிர்விக்க, மூன்று சிற்றென்புகள் அவ்வதிர்வை நத்தை ஓடு போற் சுருண்ட உட்செவிக்குக் கடத்துகின்றன. ஆங்குள்ள ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்களே அதிர்வை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றுவன. மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. புண் ஆறித் தோல் மூடுவது போன்ற ஈடு இங்கு இல்லை.

ஒலியின் செறிவு தெசிபெல் என்னும் மடக்கை அளவையால் அளக்கப்படுகிறது. 3 தெசிபெல் கூடினால் ஒலிச்சத்தி இரட்டிக்கும். தொழிலிடங்களில் 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கேட்கலாம் எனக் கொண்டால், 100 தெசிபெல் ஒலிக்கு 15 நிமிடமே எல்லையாகும். துப்பாக்கி வேட்டொலியின் உச்சமோ, சுடுபவரின் காதருகே 150 தெசிபெல்லையும் தாண்டும். பேரொலி எழும்போது நடுச்செவித் தசை இறுகிச் சிற்றென்புகளின் அசைவைக் கட்டுப்படுத்துவது இயற்கை அளித்த காப்பு. ஆயின், அத்தசை முழுமையாக இறுகுமுன்னரே வேட்டொலி உட்புகுந்து முடிந்துவிடுகிறது. இயற்கைக் காப்பு இடிக்கு ஓரளவு பயன்படலாம், துப்பாக்கிக்குப் பயன்படாது.

முதற்கண் பழுதுறுவது பெரும்பாலும் 4000 ஹேட்ஸ் மீடிறனை அண்டிய பகுதியாகும். பேச்சில் உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த மீடிறன்களில் அமைய, மெய்யொலிகளை வேறுபடுத்தும் கூறுகள் பல உயர்ந்த மீடிறன்களில் அமைகின்றன. ஆகவே படம், தடம், கடம் என்பன ஒன்றாகவே ஒலிக்கும். குரல் கேட்கும், சொல் விளங்காது. வீட்டார் இதனைக் கவனக்குறைவென்றோ பிடிவாதமென்றோ கருதுவதுண்டு.

செவியிரைச்சல் இதனோடு இணைந்தே வருவது பெருவழக்கு. புறத்தே ஒலி இல்லாதபோதும் கூவலாக, ரீங்காரமாக, கடலிரைச்சலாக ஒன்று கேட்கும். ஆயுர்வேதம் இதனைக் கர்ணநாதம் என வழங்கும். உட்செவியிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பது இன்று வலுப்பெற்றுள்ள கருத்து. கால் இழந்தவர் இல்லாத காலில் நோவை உணர்வதோடு இதனை ஒப்பிடுவர்.

2009இல் குஜாவா, லிபர்மன் ஆகியோர் எலிகளில் நடத்திய ஆய்வு மேலும் ஓருண்மையைப் புலப்படுத்தியது. பேரொலிக்குப் பின் கேட்டல் பழைய நிலைக்குத் திரும்பியதெனச் சோதனை காட்டியபோதும், மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்குமிடையிலான இணைப்புகள் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதருக்கும் இது பொருந்துமாயின், சோதனையில் ‘வழமை’ எனப் பதியப்பட்ட செவியும் பழுதுற்றதாயிருக்கலாம்.

கணக்கில் வராத காயம்

ஐக்கிய அமெரிக்காவில், படைப்பணியால் விளைந்த ஊனங்களுக்கு ஈட்டுத்தொகை பெறுவோரிடையே மிகுதியாகக் காணப்படுவது செவியிரைச்சலாகும். கேட்டற் குறையும் அவர்களிடையே பெருமளவிற் காணப்படுகிறது. அவ்வாறு எண்ண முடிந்தமைக்குக் காரணம், அங்கு பதிவும் உரிமையும் இருப்பதே. பணியிற் சேரும்போதே செவியைச் சோதித்துப் பதியாவிடின், இழந்தது எவ்வளவு என்பதைப் பின்னர் நிறுவுதல் அரிது. நிறுவும் பொறுப்போ இழந்தவர் தலையிலேயே விழுகிறது. 1886இல் தோமஸ் பார் என்னும் மருத்துவர் கிளாஸ்கோவிற் கொதிகலன் தொழிலாளரின் செவியை ஆராய்ந்தார். அவர்தம் செவிட்டுத்தன்மை அதுவரை தொழிலின் இயல்பெனவே கொள்ளப்பட்டிருந்தது. படைவீரர் நிலையும் இதனின் வேறன்று. பீரங்கியருகே நிற்பவர் ஆணையிடுபவரல்லர். பெரும்பாலும் ஏழைக் குடும்பத்து இளைஞரே.

ஓய்வூதியப் படிவம் சீருடை அணிந்தவருக்கேனும் உண்டு. ஆயுதமேந்திய இயக்கங்களில் இருந்தோருக்கும், பதுங்குகுழியிற் குழந்தையை அணைத்திருந்த தாய்க்கும் அதுவும் இல்லை. குண்டோசை சீருடை பார்த்துச் செவியிற் புகுவதில்லை. கடற்றொழிலாளர்க்கோ வெளியிணைப்பு இயந்திரத்தின் அன்றாட இரைச்சலும் சேர்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் இம்மாவட்டக் கடலில் முற்றாக ஓயாத டைனமைற்று மீன்பிடி, மீனை மட்டுமன்றி நீருள் இருக்கும் சுழியோடியின் செவியையும் தாக்கும்.

செய்யத்தக்கன

இரைச்சலை அடியோடு நீக்கும் மருந்து இன்று இல்லை. எனினும் செவிக்கருவியும், அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் துன்பத்தைத் தணிப்பன. வெடியதிர்வில் காது அடைத்தவர் தாமதியாது மருத்துவரிடம் செல்லல் வேண்டும். செவிப்பறை கிழிந்திருக்கக்கூடுமாதலின், எண்ணெய் காய்ச்சி விடுதல் தீங்காகும். சிறு கிழிவுகள் பல சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்கின்றன.

இவற்றினும் முதன்மையானது எண்ணுதல். கரையோரக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தோரின் செவியைச் சோதித்துப் பதிவது பெருஞ்செலவான செயலன்று. ஒரு கேட்டற்சோதனைக் கருவியும், அமைதியான ஓர் அறையும், பயின்ற ஒருவரும் போதும். இறந்தோரை எண்ணக் கற்றுக்கொண்ட சமுதாயம், கேட்க இயலாது உயிர்வாழ்வோரையும் எண்ணக் கற்றல் வேண்டும்.