அஸ்டேரின் தொப்பி, ஜாக்சனின் மேடை

1992 ஜூன் 29. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு ஜோடி காலணிக்கு விண்ணப்பம் பதிவானது. புவியீர்ப்பை மீறுவதுபோல் தோற்றம் காட்டும் முறையும் அதற்கான கருவியும் என்று அதற்குத் தலைப்பு. கண்டுபிடித்தவர்களாக மூன்று பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மைக்கேல் ஜே. ஜாக்சன். இரண்டு நாள் முன்புதான் ம்யூனிக் நகரின் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் அவருடைய ‘டேஞ்சரஸ்’ உலகச் சுற்றுப்பயணம் தொடங்கியிருந்தது.

உலகமே கொண்டாடும் ஒரு பாப் பாடகருக்குக் காலணியில் காப்புரிமை எதற்கு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 1953-இல் வெளியான ஒரு ஹாலிவுட் படத்தின் வாசலில் போய் நிற்போம்.

‘தி பேண்ட் வேகன்’. எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த ‘மியூசிக்கல்’. ஆடலும் பாடலுமே கதையை இழுத்துச் செல்லும் வகைப் படம். இயக்கியவர் வின்சென்ட் மினெல்லி, நாயகன் ஃப்ரெட் அஸ்டேர், அவருடன் ஆடியவர் சிட் சாரிஸ். படத்தின் முடிவில் ‘கேர்ள் ஹன்ட்’ என்றொரு நீண்ட நடனம் வருகிறது. மிக்கி ஸ்பிலேனின் துப்பறியும் நாவல்களைக் கிண்டல் செய்து, மைக்கேல் கிட் அமைத்தது. அதில் அஸ்டேர் துப்பறிவாளர். வெள்ளை சூட், நீலச் சட்டை, சாய்த்து வைத்த வெள்ளைத் தொப்பியுடன் ரவுடிகள் நிறைந்த ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைகிறார். சிவப்பு உடையில் சாரிஸ் எழுந்து வருகிறார். அதற்குப் பிறகு அங்கே நடப்பதெல்லாம் ஆட்டம்தான்.

1988-இல் வந்த ஜாக்சனின் ‘மூன்வாக்கர்’ படத்தில் ‘ஸ்மூத் கிரிமினல்’ பாடலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தெரியாது. அதே வெள்ளை சூட், அதே நீலச் சட்டை, அதே தொப்பி, அதேபோல் ஒரு மதுக்கூடம். ‘டேஞ்சரஸ்’ பாடலிலோ, ‘கேர்ள் ஹன்ட்’ நடனத்துக்கு ஆலன் ஜே லெர்னர் எழுதிய பின்னணிப் பேச்சிலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் அவர் மறைத்ததில்லை. 1988-இல் வெளியான ‘மூன்வாக்’ என்ற தன்வரலாற்றையே அஸ்டேருக்குத்தான் காணிக்கையாக்கினார். 1983 மே மாதம், மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டு நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்தபோது ‘பில்லி ஜீன்’ பாடலுக்கு ஜாக்சன் ஆடியதைப் பார்த்து, 84 வயது அஸ்டேர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார். அதைவிடப் பெரிய விருது எதையும் ஜாக்சன் மதித்ததாகத் தெரியவில்லை. 1987 ஜூனில் அஸ்டேர் காலமானார். தனக்குச் செலுத்தப்பட்ட மிகப் பெரிய மரியாதையைப் பார்க்க அவர் இல்லை.

உடையை எடுத்துக்கொள்வது எளிது. ஜாக்சன் எடுத்துக்கொண்டதில் அருமையானது வேறொன்று. ஆடும்போது தலை முதல் கால் வரை முழு உடலும் திரையில் தெரிய வேண்டும், வெட்டுகள் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்பது அஸ்டேரின் பிடிவாதம். முகத்துக்கு ஒரு ஷாட், பாதத்துக்கு ஒரு ஷாட் என்று துண்டு போட்டால் ஆடியவர் யார், எடிட் செய்தவர் யார் என்றே தெரியாமல் போய்விடும். எண்பதுகளின் இசை வீடியோக்களில் நடந்தது அதுதான். ‘ஸ்மூத் கிரிமினல்’ வீடியோவிலும் வெட்டுகள் உண்டு. ஆனால் மேடையில் வெட்டுக்கு வழியில்லை. பார்வையாளர் கண்ணெதிரே முழு உடலும் நிற்கிறது. தொடங்கிய அடவை முடித்தே ஆக வேண்டும். அஸ்டேர் கேமராவிடம் கேட்டு வாங்கிய நியாயத்தைக் கச்சேரி மேடை கேட்காமலே தருகிறது. பழைய மியூசிக்கல்களின் உண்மையான வாரிசு இசை வீடியோ அல்ல, ஜாக்சனின் சுற்றுப்பயணங்கள்தான் என்று துணிந்து சொல்லலாம்.

காலணி வருவது இங்கேதான். ‘ஸ்மூத் கிரிமினல்’ வீடியோவில் ஜாக்சனும் உடன் ஆடுபவர்களும் உடலை வளைக்காமல், குதிகால் தரையிலிருந்து எழாமல், நட்ட கம்பம் சாய்வதுபோல் முன்னால் சாய்ந்து நிமிர்வார்கள். படப்பிடிப்பில் கம்பி கட்டி இழுத்துச் சாதித்த வித்தை அது. ஆயிரக்கணக்கான பேர் நேரில் பார்க்கும் மேடையில் ஒவ்வோர் இரவும் கம்பி கட்ட முடியாது. அதனால் காலணியின் குதிகாலில் ‘வி’ வடிவத்தில் ஒரு பிளவு வைத்தார்கள். உரிய நேரத்தில் மேடைத் தரையிலிருந்து அகலமான தலை கொண்ட ஒரு முளை மேலே எழும். ஆடுபவர் பாதத்தை முன்னால் நகர்த்திப் பிளவை முளையில் மாட்டிக்கொள்வார், சாய்வார், நிமிர்ந்ததும் பாதத்தைப் பின்னால் இழுத்து விடுவித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வார். 1993 அக்டோபர் 26-இல் காப்புரிமை கிடைத்தது.

கருவி இருந்தால் யாரும் சாய்ந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 2018-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். சாதாரண மனிதரால் கணுக்காலிலிருந்து நேராகச் சாய முடிவது 20 பாகை அளவுக்குத்தான். ஜாக்சன் சாய்ந்ததோ 45 பாகை. காலணி பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். பாரம் முழுவதும் குதிநாணின் மேல் இறங்கும். அதைத் தாங்கும் உரம் உடம்பில் இருக்க வேண்டும்.

இந்த வகை மாயத்துக்கும் அஸ்டேரே முன்னோடி. 1951-இல் வந்த ‘ராயல் வெட்டிங்’ படத்தில் சுவரிலும் கூரையிலும் ஆடுவார். அறையையே ஒரு பெரிய உருளைக்குள் கட்டிச் சுழற்றினார்கள். சுழலும் அறைக்குள் அவர் தாளம் தவறாமல் ஆடினார்.

இதை வெறும் ரசிகரின் காணிக்கை என்று முடித்துவிடவும் முடியாது. அஸ்டேரின் தட்டாட்டம் (டாப் டான்ஸ்) கறுப்பின ஆட்டக்காரர்களிடமிருந்து வந்தது. ஜான் பபிள்ஸிடம் கற்றார். 1936-இல் ‘ஸ்விங் டைம்’ படத்தில், பில் ‘போஜாங்கிள்ஸ்’ ராபின்சனைப் போற்றும் பாடலுக்கு முகத்தில் கருமை பூசிக்கொண்டு ஆடினார். அந்தக் காலத்து ஹாலிவுட்டின் மாறாத களங்கம் அது. ‘தி பேண்ட் வேகன்’ படத்திலேயே, லாஸ் ஏஞ்சல்ஸில் உண்மையாகவே காலணி துடைத்துப் பிழைத்த லீராய் டேனியல்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் அஸ்டேருக்கு ஈடுகொடுத்து ஆடுகிறார். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மூன்வாக் என்று உலகம் அறிந்த பின்நோக்கிச் சறுக்கும் நடையைக்கூட, மினெல்லி 1943-இல் எடுத்த ‘கேபின் இன் தி ஸ்கை’ படத்தில் பில் பெய்லி என்ற கறுப்பின ஆட்டக்காரர் ஆடிக் காட்டிவிட்டார். அந்த வெள்ளை சூட்டை ஒரு கறுப்பினக் கலைஞர் மாட்டிக்கொண்டு உலகின் மிகப் பெரிய மேடைகளில் நின்றபோது, கைமாறிப் போன சொத்து வீடு திரும்பியது.

தொப்பிக்கும் கோட்டுக்கும் மேடையில் ஒரு வேலையும் இருந்தது. ஸ்டேடியத்தின் கடைசி வரிசைக்கு முகம் தெரியாது, உருவம்தான் தெரியும். கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைத் தொப்பி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஜாக்சனின் குட்டையான கறுப்பு பேண்ட்டும் வெள்ளைக் காலுறையும் பாதத்தின் மேல் கண்ணை நிறுத்துவதற்காகவே. ஹாலிவுட் மியூசிக்கல்களின் இன்னொரு நாயகன் ஜீன் கெல்லி தன் படங்களில் கையாண்ட உத்தி அது. ‘டேஞ்சரஸ்’ பயணத்தில் மட்டும் 69 கச்சேரிகள். அடுத்து வந்த ‘ஹிஸ்டரி’ பயணத்தில் 82. 1996 நவம்பர் 1-ஆம் தேதி மும்பை அந்தேரி மைதானத்தில் திரண்ட கூட்டமும் ‘ஸ்மூத் கிரிமினல்’ ஆட்டத்தை நேரில் கண்டது. 1999 ஜூனில் ம்யூனிக்கில் ஜாக்சன் நடத்திய நிதி திரட்டும் கச்சேரியில் ஏ.ஆர். ரஹ்மானின் இசைக்கு நம் பிரபுதேவாவும் ஷோபனாவும் ஆடினார்கள்.

இந்த மரபின் இன்னொரு கண்ணி கென்னி ஒர்டேகா. 1980-இல் ‘ஸனாடு’ படத்துக்கு நடனம் அமைத்தபோது ஜீன் கெல்லியிடம் நேரடியாகப் பயின்றவர். பிறகு ஜாக்சனின் சுற்றுப்பயணங்களை வடிவமைத்தார். 2009-இல் லண்டனில் 50 கச்சேரிகளாகத் திட்டமிட்ட ‘திஸ் இஸ் இட்’ நிகழ்ச்சியையும் அவரே இயக்கினார். அதில் ‘ஸ்மூத் கிரிமினல்’ பாடலுக்கு முன்னோட்டமாக ஒரு குறும்படம் தயாரித்தார்கள். 1946-இல் வந்த ‘கில்டா’ படத்தின் காட்சிக்குள் ஜாக்சன் நுழைகிறார். அதன் நாயகி ரீட்டா ஹேவொர்த் வீசிய கையுறையைப் பிடிக்கிறார். பழைய துப்பறியும் படங்களின் நாயகன் ஹம்ப்ரி போகார்ட் அவரைத் துரத்துகிறார். ஜூன் 25-இல் ஜாக்சன் இறந்துபோனார். அந்தக் குறும்படம் ஒத்திகைகளைத் தொகுத்து வெளியிட்ட படத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நேரம் இருப்பவர்கள் ஒரு மாலையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலில் ‘தி பேண்ட் வேகன்’. பிறகு 1992 அக்டோபர் 1-இல் புகாரெஸ்ட் நகரில் பதிவான ‘டேஞ்சரஸ்’ கச்சேரி. ‘கேர்ள் ஹன்ட்’ மட்டும் போதும் என்று படத்தை ஓட்டிவிடாதீர்கள். லீராய் டேனியல்ஸ் ஆடும் காட்சி தொடக்கத்திலேயே வந்துவிடும்.