பண்டிகைக் கள்ளி வாடுகிறதா? நீர் ஊற்றுமுன் சற்று நில்லுங்கள்!

லண்டனிலோ டொரான்டோவிலோ குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு டிசம்பர் மாதத்தில் அண்டை வீட்டார் அன்பளிப்பாகக் கொண்டுவந்து தரும் பொருள்களுள் ஒரு சிறு பூந்தொட்டியும் இருப்பதுண்டு. முள்ளில்லாத தட்டையான பச்சைத் துண்டுகள் ஒன்றன் நுனியில் ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்துத் தொங்கும். அவற்றின் நுனிகளில் இளஞ்சிவப்பு, வெண்மை, செம்மை எனப் பல நிறங்களில் அடுக்கடுக்காய் மலர்கள் தொங்கும். சில வாரங்களில் மலர்கள் உதிர்ந்துவிடுகின்றன. பிப்ரவரி பிறக்கும்போது செடி சுருங்கித் துவண்டு கிடக்கிறது. ‘தண்ணீர் போதவில்லை போலும்’ என்று இல்லத்தரசி காலையில் ஒரு குவளை ஊற்றுகிறார். அதனை அறியாத மகள் மாலையில் மற்றொரு குவளை ஊற்றுகிறாள். மார்ச் மாதத்தில் செடி குப்பைக்குப் போய்விடுகிறது.

தாகத்தால் வாடும் செடியும், நீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் மேலே பார்ப்பதற்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். இரண்டிலும் தண்டு சுருங்கும். இரண்டிலும் தலை தொங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. எனவே ஈரத்தின் நடுவிலேயே அச்செடி தாகத்தால் தவிக்கிறது. இதனை அறியாமல் ஊற்றப்படும் ஒவ்வொரு குவளையும் அதன் முடிவை விரைவுபடுத்துகிறது.

கள்ளி என்ற பெயரைக் கேட்டவுடன் நமக்குப் பாலைவனமும் மணலும் நினைவுக்கு வருவது இயற்கையே. ஆனால் இதன் தாயகம் பிரேசில் நாட்டின் தென்கிழக்கே, ரியோ டி ஜனெய்ரோ மாநிலத்தை ஒட்டிய கடலோர மலைக்காடுகளாகும். மூடுபனியும் மழையும் மிகுந்த அக்காடுகளில், மரக்கிளைகளின் கவட்டிலும் பாறை இடுக்கிலும் தேங்கிய இலைமக்கில் இது வேரூன்றி வாழ்கிறது. மரத்தின் மேல் வாழ்ந்தாலும் அம்மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அன்று; இடம் மட்டுமே கேட்கும் நல்ல குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்ததும் வேர் நனையும். அடுத்த கணமே நீர் வடிந்து காற்று புகுந்துவிடும். ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும் என்பதே இச்செடியின் இயல்பு. களிமண் கலந்த தோட்டத்து மண்ணை அழுத்தி நிரப்பிய தொட்டியில் அது மூச்சுத் திணறுவதில் வியப்பில்லை. தென்னை நார்க் கழிவும் பெர்லைட்டும் கலந்த பொலபொலப்பான கலவையே இதற்கு ஏற்றது. தொட்டியின் அடியில் துளை இருப்பது மிக இன்றியமையாதது. கடைக்காரர்கள் அழகுக்காகச் சுற்றித் தரும் பளபளப்புக் காகிதம் வடிந்த நீரைத் தேக்கிவைக்கும். வீட்டுக்கு வந்தவுடன் அதனைக் கழற்றி எறிந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் ஊர் வேலிகளில் காணும் திருகுகள்ளி, சதுரக்கள்ளி போன்றவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். பண்டிகைக் கள்ளியை ஒடித்துப் பாருங்கள்; பால் வராது. குழந்தைகளும் பூனைகளும் உள்ள வீட்டில் அச்சமின்றி வைக்கத்தக்க செடி இது.

நோய் எது, இயல்பு எது?

செடி துவண்டால் முதலில் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். பிறகு சுட்டுவிரலை முதற்கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். தொட்டி இலேசாகவும் மண் உலர்ந்தும் இருந்தால் அது தாகமே. அடித்துளை வழியே வடியும்வரை நீர் ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டால், ஓரிரு நாட்களில் தண்டுகள் மீண்டும் புடைத்து நிமிரும்.

மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டிருந்தால் கதை வேறு. தயங்காமல் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுங்கள். வெளிர் நிறத்தில் உறுதியாக உள்ளவை நல்ல வேர்கள். பழுப்பேறிக் குழகுழத்து, நாற்றம் வீசுபவை அழுகியவை. அழுகியவற்றைக் கத்தரித்துவிட்டு, ஈரமண்ணை உதறி நீக்கி, புதிய கலவையில் சிறிய தொட்டியாகப் பார்த்து நடுங்கள். சில நாட்கள் நீர் ஊற்றவே வேண்டாம். வாடிய செடிக்கு நீர் மறுப்பதற்கு மனம் ஒப்பாதுதான். ஆயினும் அந்தச் சில நாட்களில்தான் வெட்டுப்பட்ட வேர்க் காயங்கள் ஆறுகின்றன. உரமும் அப்போது கூடாது.

தண்டு செந்நீலமாக நிறம் மாறினால் பெரும்பாலும் வெயில் மிகுதி என்று பொருள். நண்பகல் வெயில் படும் சன்னலிலிருந்து எடுத்து, காலை இளவெயில் மட்டும் விழும் கிழக்குச் சன்னலில் வைத்தால் பச்சை திரும்பும். நிழலில் இருந்தும் சிவந்தால் குளிரோ ஊட்டக் குறைவோ காரணமாகலாம். இளவேனில் தொடங்கிக் கோடை முடியும்வரை, உறையில் குறிப்பிட்ட அளவில் பாதியாகக் கரைத்த உரத்தை மாதம் ஒருமுறை கொடுத்துவந்தால் ஊட்டக் குறைவு நேராது. கணுக்களின் இடுக்கில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்து, வாரம் ஒருமுறை மீண்டும் பார்த்துவாருங்கள். ஒரே துடைப்பில் அது ஒழிவதில்லை.

வயதான செடியின் அடித்தண்டு பழுப்பேறி மரப்பட்டை போல் ஆகிவிடும். இதனை நோயென்று எண்ணி வெட்டிவிடுவோர் பலர். அது முதுமையின் அடையாளமேயன்றிப் பிணியன்று; அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். அழுகலோ அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும். கணுக்களில் மெல்லிய இழைகள் தொங்கினால் அவையும் வேர்களே. மரத்தின்மேல் வாழ்ந்த பழக்கம் விட்டுப்போகவில்லை.

மொட்டு வைக்க இருள் வேண்டும்

‘மூன்று ஆண்டாகச் செடி செழிப்பாகவே இருக்கிறது, ஒரு பூவும் இல்லை’ என்பது அடுத்த குறை. இதற்குப் பெரும்பாலும் காரணம் மின்விளக்கு. நீண்ட இரவை உணர்ந்தே இச்செடி மொட்டு வைக்கிறது. ஏறத்தாழ 6 வாரங்கள், நாள்தோறும் 13 அல்லது 14 மணி நேரம் இடையறாத இருள் வேண்டும். இரவில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியும் வேண்டும். நள்ளிரவு வரை விளக்கெரியும் கூடத்தில் அதற்கு இரவே கிடைப்பதில்லை. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மாலையில் விளக்கேற்றாத ஓர் அறைக்கு மாற்றுங்கள். நுனிகளில் அரிசி அளவில் மொட்டு தென்படும்வரை அங்கேயே இருக்கட்டும்.

தென்கோளத்தில் பருவங்கள் மாறி வருவதால், பிரேசிலில் இதே மலரை ‘மே மலர்’ என்று அழைக்கிறார்கள். நம் பெருநாட்கள் பிறையைத் தொடர்ந்து ஆண்டுக்குப் பதினோரு நாள் அளவு முன்னகர்கின்றன. இச்செடிக்கோ எந்தப் பண்டிகையும் தெரியாது. இரவின் நீளமே தெரியும்! பண்டிகைப் பெயர்களெல்லாம் மனிதர் சூட்டியவை. ‘கிறிஸ்துமஸ் கேக்டஸ்’ என்று விற்கப்படுபவற்றில் பல, ஓரத்தில் கூரிய பற்கள் கொண்ட, நவம்பரிலேயே பூக்கும் ட்ரங்கேட்டா இனத்தைச் சேர்ந்தவை. ஓரம் மழுங்கியிருப்பதே உண்மையான கிறிஸ்துமஸ் வகை. இது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வில்லியம் பக்லி என்பவர் இரு பிரேசில் இனங்களைக் கலந்து உருவாக்கியது. பராமரிப்பில் இவ்விரண்டுக்கும் வேறுபாடில்லை.

சென்னையில் டிசம்பர் இரவுகூடப் பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான், குளிரும் போதாது. சமவெளியில் இருப்போர் இதில் பூக்களை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் உள்ளவர்களுக்கு இத்தடை இல்லை.

மொட்டு வந்தபின் செடியை இங்கும் அங்கும் மாற்றாதீர்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் வீசும் குளிர்காற்றும், வெப்பமூட்டியின் அனலும் மொட்டுகளை உதிர்த்துவிடும். பழக்கூடைக்கு அருகிலும் வேண்டாம். வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவே மொட்டுகளை உதிரவும் செய்கிறது.

அடித்தண்டே அழுகிவிட்டால்?

முறையாகப் பேணினால் இச்செடி பல பத்தாண்டுகள் வாழும். மேலைநாடுகளில் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சொத்துகளில் ஒன்றாகவே இதனைக் கருதுகிறார்கள். நம் இல்லங்களிலும் காலமான உம்மாவின் கைபட்ட செடி என்று ஒன்று சன்னலோரம் இருக்கக்கூடும். அது துவளும்போது உண்டாகும் பதற்றத்தில்தான் நீரும் உரமும் அளவின்றிக் கொட்டப்படுகின்றன.

வேர் முழுதும் போய், அடித்தண்டும் மெத்தென்று ஆகிவிட்ட பிறகு அச்செடியைத் தேற்ற முயல்வது வீண். மேலே இன்னும் பச்சையாக, உறுதியாக உள்ள கிளைகளிலிருந்து இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த கொம்புகளை, கணுவில் பிடித்து மெல்லத் திருகி எடுங்கள், கத்தி வேண்டியதில்லை. நிழலில் ஓரிரு நாள் போட்டு, ஒடிந்த வாய் காய்ந்தபின், சற்றே ஈரமான கலவையில் அடித்துண்டின் பாதி மட்டும் புதையுமாறு ஊன்றுங்கள். ஒரு சிறு தொட்டியில் நான்கைந்து கொம்புகளை ஊன்றினால் அடர்ந்து வரும். சில வாரங்கள் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மண் இறுகப் பற்றியிருந்தால் வேர் விட்டுவிட்டது என்று பொருள். நுனியில் புதுத்துண்டு துளிர்க்கும்வரை உரம் வேண்டாம். மீந்த கொம்புகளை இன்னொரு தொட்டியில் ஊன்றித் தங்கையிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் மறுவீட்டில் அதே செடி இருக்கும்.